மூன்று ஏற்றம்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்து மூன்று. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. சிரித்தவர்கள் எல்லோரும் என்றைக்காவது ஒருநாள் தங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பட்டறைக்குத்தான் வந்து நின்றார்கள்.

பட்டறை மேட்டுப்பாளையத்தில், கோத்தகிரி சாலை மலையேறத் தொடங்குகிற இடத்தில் இருந்தது. குருவின் பெயர் கோகிலவாணி. பழைய கார்களை மட்டும் பார்ப்பாள். சீடரின் பெயர் தனபால். பெரிய கார் ஷோரூம் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தவர். வண்டிக்காரர் சொல்வதைக் காலையில் எழுதிக்கொள்வார், சாயங்காலம் சாவியைக் கொடுப்பார். நடுவில் வண்டிக்கு என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது. ஷோரூமை மூடியபோது வேலை போனதைவிட அந்தத் தெரியாமைதான் அவரை அதிகம் உறுத்தியது. நேராக இங்கே வந்து, கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

முதல் வாரமே ஒரு கேள்வி கேட்டார்.

"சத்தத்தை வெச்சே வண்டிக்கு என்ன நோவுன்னு உங்களுக்கு எப்படிங்க அம்மணி தெரியுது?"

"தெரியாதுங்கண்ணா."

"பின்னே?"

"தெரியற வரைக்கும் விடறதில்லை."

தனபாலுக்கு இது பதிலாகவே படவில்லை. ஏதோ சூட்சுமத்தை மறைக்கிறாள் என்று ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தார்.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. கார் தன் குறைகளைத் தானே எண்களாகக் குறித்து வைத்துக்கொள்ளும். ஸ்கேனரைச் செருகினால் அந்த எண்கள் தெரியும். தெரிந்த உடனே, வேறு எதையும் தொடுவதற்கு முன்னால், அவற்றைச் சாக்பீஸால் முன் கண்ணாடியின் மூலையில் எழுத வேண்டும். குறை தீரும்வரை துடைக்கக் கூடாது. கோகிலவாணி வைத்த ஒரே சட்டம் அதுதான்.

ஒரு திங்கட்கிழமை அவள் உதிரிப் பாகம் வாங்கக் கோயம்புத்தூர் போயிருந்தாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாகத் தனபால் பட்டறையில் தனியாக இருந்தார்.

அன்றைக்குப் போஜன் வந்தார். மலை மேலே ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், சின்னதாகத் தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர். காருக்குப் பதினேழு வயது. அவர் மனைவி மாதிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அவளை மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரிக்கு இறக்கிக் கொண்டுவர வேண்டும். நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து முடித்ததும் மறுபடி மலையேற்ற வேண்டும். பஸ்ஸில் வந்தால் வழியெல்லாம் வாந்தி எடுத்துத் துவண்டுவிடுவாள். காரில் பின் இருக்கையில் படுத்துக்கொண்டு வந்தால் தாங்கினாள்.

"மஞ்ச விளக்கு எரியுதுங்க. ஏத்தத்துல உதறுது," என்றார் போஜன்.

தனபால் ஸ்கேனரைச் செருகினார். இரண்டு எண்கள் வந்தன. ஒன்று, இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்றது. இன்னொன்று, இன்ஜினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்றது.

அவர் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பிறகு ஸ்கேனரில் இரண்டு எண்களையும் அழித்தார். விளக்கு அணைந்தது. ஷோரூமில் அப்படித்தான். விளக்கு எரிந்தபடி எந்த வண்டியும் வாசலைத் தாண்டக் கூடாது, விளக்கு அணைந்தால் வேலை முடிந்தது. இருபத்திரண்டு வருடம் பார்த்த பழக்கம், கை தானாகப் போயிற்று. சாக்பீஸ் அலமாரியிலேயே இருந்தது.

"சரியாயிடுச்சுங்க," என்றார்.

போஜன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். தனபாலுக்கு அன்று மத்தியானச் சாப்பாடு ஒரு பிடி கூடுதலாகவே இறங்கியது.

புதன்கிழமை காலையில் ஒரு பிக்கப் வேன் அதே காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது.

போஜன் கத்தவில்லை. நடந்ததை மட்டும் சொன்னார். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது நாலாவது கொண்டை ஊசி வளைவில் கார் உதறி நின்றுவிட்டது. மறுபடி கிளம்பவே இல்லை. மாதி சாலையோரச் சுவரில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். தூறல் வேறு. ஊசி குத்திய கையில் கட்டு நனைந்துவிட்டது. கேரட் இறக்கிவிட்டு மேலே போன வேன் ஒன்றில் கடைசியில் இடம் கிடைத்தது.

"நாளைக்குத் திரும்பவும் கூட்டிட்டு வரணும்மா. இந்த வண்டியை நம்பலாமா வேண்டாமான்னு இன்னிக்கே சொல்லிடுங்க. இல்லேன்னா தோட்டத்தை யாருக்காவது விட்டுட்டுக் கீழயே குடி வந்துடறோம். அவளுக்கு அந்த வீட்டை விட்டு வர மனசில்லை. ஆனா வேற வழி இல்லையே."

"சாயங்காலத்துக்குள்ள சொல்றேங்க," என்றாள் கோகிலவாணி.

ஸ்கேனரைச் செருகினாள். ஒரே ஒரு எண் வந்தது. இரண்டாவது சிலிண்டர்.

"திங்கக்கிழமை என்ன வந்துச்சுங்கண்ணா?"

"இதேதாங்க அம்மணி. பிளக்கைத் துடைச்சுட்டு அழிச்சேன்."

"கண்ணாடியில ஒண்ணையும் காணோமே."

"மறந்துட்டேங்க. ஒண்ணே ஒண்ணுதானேன்னு..."

"வேற எதுவும் வரலையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க ஒன்றுமில்லை. தனபாலுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஆனால் போஜன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். இன்னொரு எண்ணும் இருந்தது, அது எதனால் வந்தது என்று பார்க்காமலே அழித்தேன் என்று அவர் முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை.

"இல்லீங்க," என்றார்.

"சரி."

கோகிலவாணி அந்த ஒரு எண்ணைக் கண்ணாடியில் எழுதினாள்.

"காத்து எங்கயாவது கசிஞ்சா அதுக்குத் தனி நம்பர் வரும். அது மெதுவாத்தான் வரும், ஆனா வந்துடும். திங்கக்கிழமையே இல்லேங்கறீங்க. அப்ப அந்தப் பக்கம் தேட வேண்டாம். சிலிண்டரை மட்டும் பாப்போம்."

இப்படித் தொடங்கிய வேலையில் காலை முழுவதும் போயிற்று. இரண்டாவது சிலிண்டரின் பிளக்கை மூன்றாவதற்கு மாற்றினாள். மலையில் கிளம்பாத இன்ஜின் இங்கே கிளம்பியது; அதைச் சூடாக்கி உறுமவிட்டாள். இரண்டாவதுதான் தடுமாறியது. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றிப் போட்டாள். இரண்டாவதுதான். பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரை மாற்றினாள். அப்போதும் இரண்டாவதுதான். அவள் முகத்தில் சலிப்பு இல்லை. ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே போனாள். அவள் கேட்டதை எல்லாம் தனபால் எடுத்துக் கொடுத்தார். அந்த இன்னொரு எண்ணை மட்டும் கொடுக்கவில்லை.

ஒரு மணிக்குக் கோகிலவாணி நிமிர்ந்தாள்.

"வெளியில ஒண்ணும் இல்லைங்கண்ணா. உள்ள வால்வாத்தான் இருக்கணும். இன்ஜின் தலையை, ஹெட்டைக் கழட்டிடலாம்."

"எத்தனை நாளாகுங்க?"

"நாலு நாள்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த போஜன் இதைக் கேட்டார். போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார்.

"கீழ ஒரு வீடு பாரு... சின்னதாப் போதும். குழாய் உள்ளயே இருக்கணும், அவளால தண்ணி தூக்க முடியாது... ஆமா. தோட்டத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

கோகிலவாணி முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தாள்.

"அம்மணி, கழட்டாதீங்க," என்றார் தனபால்.

"ஏனுங்க?"

"திங்கக்கிழமை ரெண்டு நம்பர் இருந்துச்சுங்க. காத்து அதிகம்னு இன்னொண்ணும் இருந்துச்சு. அதையும் சேத்து அழிச்சுப்போட்டேன். காலையில நீங்க கேட்டப்ப இல்லேன்னு பொய் சொல்லிட்டேன்."

போஜன் போனைக் காதிலிருந்து இறக்கினார்.

"அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"நம்பர் தெரியுங்க. எதனாலன்னு பாக்கலை. விளக்கு அணைஞ்சா போதும்னு இருந்துட்டேன்."

"என் சம்சாரம் மழையில உக்காந்திருந்தா, ஐயா."

இத்தனை வயதுக்கு அப்படி ஒரு வெட்கத்தைத் தனபால் பட்டதில்லை. காது மடலெல்லாம் சுட்டது.

கோகிலவாணி ஸ்பேனரைக் கீழே வைத்தாள். அலமாரியிலிருந்து சாக்பீஸை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"எழுதுங்க."

எழுதினார்.

"இப்பப் படிங்க."

"ரெண்டாவது சிலிண்டர் எரியலை. காத்து அதிகம்."

"தனித்தனியா வேண்டாம். ரெண்டையும் சேத்துப் படிங்க."

தனபால் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். முதல் எண்ணைத் தனியாகப் பார்த்தால் பிளக் கோளாறு மாதிரி இருந்தது. இரண்டாவதைத் தனியாகப் பார்த்தால் பெட்ரோல் ஏற்றும் பம்பின் கோளாறு மாதிரி இருந்தது. சேர்த்துப் பார்க்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ரெண்டாவது சிலிண்டருக்குப் பக்கத்துல எங்கயோ காத்து திருட்டுத்தனமா நுழையுதுங்களா?"

"தேடுவோம் வாங்க."

ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் கங்கு போட்டுச் சாம்பிராணியைத் தூவினாள். காற்றடிக்கும் பம்பால் அந்தப் புகையை இன்ஜினுக்குள் செலுத்தினாள். ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே புகை வெளியே வரும். வழியில் போன ஒருவர், காருக்குப் பூஜையா என்று கேட்டுவிட்டுப் போனார். புகை எங்கேயும் வரவில்லை. இன்ஜினைச் சூடாக்கிவிட்டு மறுபடி செலுத்தினாள். அப்போதும் வரவில்லை. பட்டறைதான் கோயில் மாதிரி மணத்தது.

"இல்லை போலிருக்குதுங்க," என்றார் தனபால்.

"நின்னுக்கிட்டு இருக்கற வண்டியில இல்லை," என்றாள். "எங்க நின்னுச்சோ அங்க போலாம்."

காரை மெதுவாகக் கிளப்பி மூன்று பேரும் மலையேறினார்கள். டிக்கியில் கருவிப் பெட்டி, ஸ்கேனர், இரண்டு முட்டுக்கட்டை, கொஞ்சம் ரப்பர் ஹோஸ். தனபால் ஓட்டினார். இரண்டாவது வளைவு தாண்டியதும் கேட்டார்.

"என்மேல உங்களுக்குக் கோபமே இல்லீங்களா அம்மணி?"

"நெறைய இருக்குது. ஆறு மணிக்கு மேல படறேன். இப்ப நேரமில்லை."

நாலாவது வளைவுக்குச் சற்று முன்னாலேயே கார் உதறத் தொடங்கியது. ஓரம் கட்டினார்கள். பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்தார்கள். போஜன் பின்னால் போய்ச் சிவப்புத் துண்டை ஆட்டி வருகிற வண்டிகளை ஒதுக்கினார். கோகிலவாணி பானட்டைத் திறந்து பக்கவாட்டில் நின்றாள்.

"பிரேக்கை நல்லா மிதிச்சுக்குங்க. ஃபர்ஸ்ட் கியர். கிளட்சைக் கொஞ்சமா விடுங்க. வண்டி ஏறப் பாக்கணும், ஆனா ஏறக் கூடாது."

தனபால் விட்டார். பிரேக் பிடித்திருக்க, இன்ஜின் முன்னால் போக முண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கார் முழுவதும் உதறியது. அவள் தலையைக் குனிந்து காது கொடுத்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"மறுக்கா."

மறுபடியும் விட்டார். அவள் கையை உள்ளே விட்டு, சூட்டில் சுட்டு, வெளியே எடுத்து உதறினாள்.

"மறுக்கா."

எத்தனை தடவை என்று தனபால் எண்ணவில்லை. கால் மரத்துப் போயிற்று. நாளைக்குப் பார்க்கலாம் என்று அவள் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தார். அவளுக்கு அந்த நினைப்பு வந்ததாகவே தெரியவில்லை. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே கையை விட்டாள்.

"இப்ப விடுங்க. அப்படியே பிடிச்சிருங்க... இருங்க... இருங்க."

திடீரென்று உதறல் நின்றது. இன்ஜின் புது வண்டி மாதிரி சீராக உறுமியது. அவள் ஒரு விரலை எடுத்தாள், உதறியது. விரலை வைத்தாள், நின்றது.

இரண்டாவது சிலிண்டருக்குக் காற்று போகிற வழியில் வந்து சேரும் விரல் தடிமன் ஹோஸ் அது. அடியில், வளைகிற இடத்தில், பதினேழு வருடச் சூட்டில் காய்ந்து வெடித்திருந்தது. இன்ஜின் நேராக நிற்கும்போது வெடிப்பு மூடிக்கொண்டது. ஏற்றத்தில் இன்ஜின் சாயும்போதும், உறுமிக் குலுங்கும்போதும் திறந்துகொண்டது.

அங்கேயே புது ஹோஸை அளந்து வெட்டி மாட்டினாள். அடுத்த மூன்று வளைவுகளையும் கார் உதறாமல் ஏறியது. போஜன் பின் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். கீழே இறங்குவதற்காக வண்டியைத் திருப்பும் இடத்தில் நிறுத்தியபோது மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

தனபால் ஸ்கேனரைக் கையில் எடுத்தார்.

"இப்ப அழிச்சிடட்டுங்களா?"

"வேண்டாம்."

"அதான் தீந்துடுச்சேங்க. அந்தம்மா நாளைக்கு ஏறி உக்காந்ததும் இந்த விளக்கைத்தானே பாப்பாங்க. பயந்துக்குவாங்க."

"தீந்துடுச்சுன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வண்டிக்கு இன்னும் தெரியாது."

"அதுக்கு எப்படிங்க தெரியும்?"

"ஏத்தத்துல வந்த குறை. ஏத்தத்துலயே மூணு தடவை வராம இருந்தா, அதுவா விளக்கை அணைச்சுக்கும். வியாழன், சனி, செவ்வாய். மூணு தடவையும் நீங்க கூடப் போங்க. என்ன நடந்துச்சுன்னு அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

தனபால் போஜனைப் பார்த்தார். போஜன் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் தனபால் காத்திருந்தார். மாதி கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து பின் இருக்கையில் சாய்ந்தாள். மெலிந்த உருவம், வெள்ளைத் துணியைத் தலையில் கட்டியிருந்தாள். கார் கிளம்புவதற்கு முன்னால் தனபால் எல்லாவற்றையும் சொன்னார். திங்கட்கிழமை, இரண்டு எண், அழித்தது, பொய் சொன்னது. எதையும் விடவில்லை. மாதி கேட்டுக்கொண்டாள். பிறகு கணவரிடம், "விளக்கு எரியுதா?" என்று கேட்டாள்.

"எரியுது," என்றார் போஜன்.

நாலாவது வளைவு வந்தபோது அவள் எழுந்து உட்கார்ந்து கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கார் உதறவில்லை. வளைவு தாண்டிய பிறகும் கையை எடுக்கவில்லை.

சனிக்கிழமையும் அதே கேள்வியைக் கணவரிடம் கேட்டாள். விளக்கு எரிந்தது. நாலாவது வளைவில் எழுந்து உட்கார்ந்தாள்.

இந்த நாட்களில் பட்டறையிலும் ஒன்று நடந்தது. முன்பெல்லாம் தனபால் "இறுக்கிட்டேங்க" என்றால் கோகிலவாணி அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். இப்போது அவர் சொன்ன பிறகு தானும் வந்து ஒரு தடவை ஸ்பேனரை வைத்துப் பார்த்தாள். ஆறு மணிக்கு மேல் படுவதாகச் சொன்ன கோபத்தை அவள் பட்டதாகத் தெரியவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தனபாலுக்கு இருந்தது.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது ஏற்றம். நாலாவது வளைவு, ஐந்தாவது, ஆறாவது என்று கார் ஏறிக்கொண்டே போனது. ஹட்டியில் வீட்டு வாசலில் போஜன் இன்ஜினை அணைத்தார். ஒரு மூச்சு இழுத்துவிட்டு மறுபடி சாவியைத் திருகினார். இன்ஜின் கிளம்பியது. மஞ்சள் விளக்கு ஒரு கணம் எரிந்து, தானாக அணைந்தது.

போஜன் இறங்கி, முன் கண்ணாடியில் இருந்த இரண்டு எண்களையும் துண்டால் துடைத்தார். மாதி இறங்கி மெதுவாக வீட்டுக்குள் நடந்தாள். தனபால் நின்றுகொண்டிருந்த பக்கம் திரும்பவில்லை.

தனபால் பஸ் பிடித்து இறங்கி வந்தபோது கோகிலவாணி ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தாள். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"விளக்கு அணைஞ்சுடுச்சுங்க அம்மணி. அதுவா அணைஞ்சுது."

"சந்தோஷங்க."

"நீங்க சொன்ன மாதிரியே மூணு ஏத்தம்."

"ம்."

தனபால் போகாமல் நின்றார். காருக்கு அடியில் ஸ்பேனர் திருகுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அந்தம்மா இன்னும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலைங்க. நீங்களும் நான் இறுக்கினதை இன்னும் தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க. மூணு தடவையும் போயிட்டு வந்துட்டேனேங்க."

ஸ்பேனர் சத்தம் நின்றது.

"மூணுங்கறது வண்டிக்குங்கண்ணா," என்றாள் கோகிலவாணி. "அவங்க வியாழக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பறாங்க?"